சிக்னல் புரியாதவங்களோட ரைட்டர்

உங்க கிளாஸ்ல கண்டிப்பா ஒருத்தி இருப்பா. இல்லேன்னா ஒருத்தன். யாருக்கு யார் செட் ஆகும்ங்கிறது அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். லேப்ல ரெண்டு பேர் ஒரே ப்ரெட்போர்டு முன்னாடி பத்து நிமிஷம் நின்னா போதும், சாயங்காலம் கேன்டீன்ல கல்யாணப் பத்திரிகை வரைக்கும் பேசி முடிச்சிருப்பாங்க. கடைசியில பார்த்தா அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணுமே இருக்காது. அந்தப் பையன் முதல் வருஷத்துல இருந்தே இந்த ஏற்பாடு பண்றவளைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருப்பான். அவளுக்கு மட்டும் அது தெரிஞ்சிருக்காது.

இந்தக் கதையை 1815-லேயே ஒருத்தர் மூணு வால்யூமா எழுதிட்டார். நாவல் பேர் 'எம்மா'. எழுதினவர் ஜேன் ஆஸ்டின். நீங்க படிச்சிருக்க மாட்டீங்க, பரவாயில்லை, ஆனா பார்த்திருப்பீங்க. 1995-ல வந்த 'க்ளூலெஸ்' படம் இதே எம்மாவை பெவர்லி ஹில்ஸ் ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டதுதான். 2010-ல வந்த இந்தி 'ஆயிஷா'வும் இதே கதைதான். நம்ம ஊர் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' இவரோட இன்னொரு நாவலான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. ஐஸ்வர்யா ராயும் தபுவும் அக்கா தங்கச்சியா வந்தாங்களே, அந்த அக்கா தங்கச்சி 1811-லேயே இங்கிலாந்தில் அச்சாகிட்டாங்க.

இவரை 'காதல் கதை எழுதின அம்மா'ன்னு ஒரு ரேக்குல வெச்சுட்டு நகர்ந்துடறோம். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. இவர் எழுதினது காதலைப் பத்தி கொஞ்சம்தான். கண் முன்னாடி நடக்கிறது புரியாம இருக்கிறவங்களைப் பத்தி நிறைய. அப்படி எழுத அவருக்குக் காரணம் இருந்தது. வாங்க, முதல்ல ஆளைப் பார்ப்போம்.

ஜேன் பிறந்தது 1775 டிசம்பர் 16-ஆம் தேதி, தென் இங்கிலாந்தின் ஹேம்ப்ஷயரில் ஸ்டீவன்டன் என்ற சின்ன கிராமத்தில். அப்பா ஜார்ஜ் ஆஸ்டின் அந்த ஊர்ப் பாதிரியார். எட்டுப் பிள்ளைகளில் ஜேன் ஏழாவது. பெண்கள் இரண்டே பேர், கசாண்ட்ராவும் ஜேனும். பாதிரியார் சம்பளம் பத்தாமல் அப்பா வீட்டிலேயே பையன்களைத் தங்க வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அதாவது வீடே ஒரு ஹாஸ்டல். சுற்றிலும் பையன்கள், அவர்களுடைய கலாட்டா, கொட்டகையில் போடும் நாடகங்கள், அப்பாவின் அலமாரியில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள். பள்ளிக்கூடம் என்று பார்த்தால் கொஞ்ச காலம்தான். முதல் தடவை போன இடத்தில் காய்ச்சல் பரவி உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். பதினோரு வயதோடு ஸ்கூல் முடிந்தது. மீதி எல்லாம் அந்த அலமாரிதான்.

பதினைந்து வயசுக்குள் எழுதவும் ஆரம்பித்துவிட்டார். அப்போது ஓடிக்கொண்டிருந்த உருக்கமான காதல் நாவல்களைக் கிண்டல் செய்து 1790-ல் ஒரு கதை எழுதினார். அதில் கதாநாயகிகள் நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறி மாறி மயங்கி விழுவார்கள். தலைப்பில் 'ஃப்ரெண்ட்ஷிப்' என்ற வார்த்தையையே ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோடு எழுதி வைத்திருக்கிறார். நமக்கெல்லாம் அதுல ஒரு ஆறுதல்.

இங்க ஒரு நிமிஷம் கடலூர் வரைக்கும் போயிட்டு வரணும். நிஜமாத்தான்.

ஜேனுடைய அப்பாவுக்கு ஃபிலடெல்ஃபியா என்று ஓர் அக்கா. அப்பா அம்மா இல்லாத பெண், கையில் காசு இல்லை, லண்டனில் தொப்பி செய்யும் கடையில் வேலை பழக விட்டிருந்தார்கள். 1752 ஜனவரியில், இருபத்தொரு வயதில், கப்பலேறி மெட்ராசுக்கு வந்தார். வேலைக்கு இல்லை, மாப்பிள்ளை தேடி. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களுக்கு இங்கே பணம் இருந்தது, பெண் கிடைக்கவில்லை. அங்கே பெண்கள் இருந்தார்கள், வரதட்சணைக்குப் பணமில்லை. கணக்கு சரியாக வந்தது. கப்பலை விட்டு இறங்கி ஆறே மாதத்தில், 1753 பிப்ரவரியில், செயின்ட் டேவிட் கோட்டையில் டாக்டராக இருந்த ஹான்காக் என்பவருடன் கடலூரில் கல்யாணம். தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போகிறவர்கள் அந்தக் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்திருப்பீங்க. அடுத்த தடவை போனா இந்த அத்தையையும் ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

ஜேன் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவர். பதினாறு வயதில் எழுதிய ஒரு முடிக்காத கதையில், ஆதரவில்லாத பாதிரியார் மகள் ஒருத்தியை இப்படியே இந்தியாவுக்குக் கப்பலேற்றி விடுகிறார்கள். வங்காளத்தில் பிடிக்காத பணக்காரனுடன் அவளுக்குக் கல்யாணம் ஆகிறது. இதைக் கேட்டு 'ஆகா, நல்ல இடம்' என்று பாராட்டும் ஒரு பாத்திரமும் அதில் உண்டு. அதுக்கு உண்மையிலேயே ஒண்ணும் புரியாது. ஆஸ்டினின் முதல் 'க்ளூலெஸ்' ஆட்களில் அவளும் ஒருத்தி.

இப்போ அவரோட சொந்தக் காதல். இதுக்காகத்தான் பாதிப் பேர் ஸ்க்ரோல் பண்ணி வந்திருப்பீங்க.

1795 டிசம்பர். ஜேனுக்கு இருபது வயது. பக்கத்து ஊர்ப் பாதிரியார் வீட்டுக்கு அயர்லாந்தில் இருந்து டாம் லெஃப்ராய் என்ற பையன் லீவுக்கு வந்தான். சட்டம் படிக்கப் போகிறவன். சில நடன விருந்துகளில் இருவரும் ஊர் பார்க்கும்படி சேர்ந்து ஆடினார்கள், உட்கார்ந்து பேசினார்கள். இன்றைக்குக் கிடைக்கிற ஜேனின் கடிதங்களிலேயே மிகப் பழையது 1796 ஜனவரியில் கசாண்ட்ராவுக்கு எழுதியது. அது முழுக்க இந்தக் கதைதான். அவனுடைய வெள்ளைக் கோட்டைக் கூட விடாமல் கிண்டல் செய்கிறார். அடுத்த கடிதத்தில் அவன் கேட்பான் என்று எதிர்பார்ப்பதாகவும், கேட்டால் மறுத்துவிடப் போவதாகவும் எழுதி, கடைசியில் இதுதான் கடைசிச் சந்திப்பு, எழுதும்போதே கண்ணீர் வருகிறது என்கிறார்.

விளையாட்டுக்கு எழுதினாரா, வினையாக எழுதினாரா? ரொம்ப வருஷமா ஆராய்ச்சியாளர்கள் அடிச்சுக்கிறாங்க. முடிவு வரலை. டாமுக்குச் சொந்தப் பணம் கிடையாது, படிப்புச் செலவு ஒரு பெரிய தாத்தாவின் தயவில் ஓடியது, வீட்டில் சகோதரிகள் வேறு. உறவினர்கள் சீக்கிரமே அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னாளில் அவன் அயர்லாந்தின் தலைமை நீதிபதி ஆனான். தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தான். கிழவனான பிறகு ஓர் உறவினர் கேட்டபோது, ஆமாம், ஒரு பையனுடைய காதல் அது என்று ஒப்புக்கொண்டானாம். மூத்த மகளுக்கு ஜேன் என்று பெயர் வைத்தான் என்று சொன்னால் நமக்கு உடனே பின்னணி இசை கேட்கும். கொஞ்சம் நில்லுங்க, அவனோட மாமியார் பேரும் ஜேன்தான். பாருங்க, ரெண்டு வரித் தகவல் கிடைச்சதும் நாமளே எம்மா வேலையை ஆரம்பிச்சுட்டோம்.

அதே வருஷம் அக்டோபரில் 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்' என்ற நாவலைத் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் முடித்தார். அப்பா பெருமையோடு லண்டன் பதிப்பாளர் ஒருவருக்குக் கடிதம் போட்டார். கையெழுத்துப் பிரதியைப் பார்க்கக்கூட விருப்பமில்லை என்று மறு தபாலிலேயே திருப்பிவிட்டார்கள். பிளேஸ்மென்ட்டில் ரெஸ்யூமைத் திறக்காமலே ரிஜெக்ட் மெயில் வருமே, அது மாதிரி. அந்த நாவலைப் பின்னாளில் திருத்தி எழுதியதுதான் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. உலகத்தில் அதிகம் பேர் படித்த காதல் கதைகளில் ஒன்று பதினைந்து வருஷத்துக்கும் மேலே பெட்டியில் கிடந்தது.

1797-ல் அக்கா கசாண்ட்ராவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை மேற்கிந்தியத் தீவுகளில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். அக்கா அதன்பின் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1801-ல் அப்பா திடீரென்று ஓய்வு பெற்று, குடும்பத்தை பாத் நகரத்துக்கு மாற்றினார். பியானோ, புத்தகங்கள் எல்லாம் விற்கப்பட்டன. ஜேனுக்கு அந்த ஊர் கடைசிவரை பிடிக்கவில்லை.

அடுத்து வருவது ஒரு ராத்திரி. எனக்கு இந்த வாழ்க்கையிலேயே முக்கியமானது இதுதான்.

1802 டிசம்பர் 2. ஜேனுக்கு இருபத்தேழு வயது ஆக இரண்டு வாரம் பாக்கி. அக்காவோடு மேனிடவுன் என்ற பெரிய பங்களாவில் தோழிகள் வீட்டில் தங்கியிருக்கிறார். அந்தத் தோழிகளுடைய தம்பி ஹாரிஸ், இருபத்தொரு வயது, அத்தனை சொத்துக்கும் வாரிசு. அன்று மாலை ஜேனைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டான். ஜேன் சரி என்று சொல்லிவிட்டார்.

யோசிச்சுப் பாருங்க. சம்மதிச்சா அப்பா அம்மாவுக்கு முதுமையில் கவலை இல்லை. அக்காவுக்கு ஒரு வீடு. பிறந்த மாவட்டத்துக்கே திரும்பி வந்துவிடலாம். தோழிகளே நாத்தனார்கள். மறுத்தா? அப்பா போன பிறகு அண்ணன் தம்பிகள் கையை எதிர்பார்த்து வாழ வேண்டும். அந்தக் காலத்தில் அவர் நிலையில் இருந்த பெண்ணுக்கு வேறு வேலை என்றால் யார் வீட்டிலாவது குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தருவதுதான். கடலூருக்குக் கப்பலேறிய அத்தை எடுத்த முடிவை இங்கே கப்பல் ஏறாமலே எடுத்துவிடலாம்.

ராத்திரி என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. விடிந்ததும் ஜேன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவமானம் தாங்காமல் அக்காவும் தங்கையும் உடனே வண்டியேறி ஸ்டீவன்டனில் அண்ணன் ஜேம்ஸ் வீட்டில் போய் இறங்கினார்கள். காரணம்கூடச் சொல்லாமல், நாளைக்கே எங்களை பாத்துக்குக் கொண்டுபோய் விடு என்று பிடிவாதம். ஹாரிஸ் இரண்டு வருஷத்தில் வேறு பெண்ணை மணந்து பத்துப் பிள்ளைகள் பெற்றான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போ அவரோட நாவல்களைத் திறந்து வயசு பாருங்க. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் சின்னவள் மரியான், இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு இனிமேல் காதலே வராது என்று தீர்ப்பு சொல்வாள். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'ஸில் அசட்டுப் பாதிரியார் காலின்ஸை வீடு வாசலுக்காகக் கட்டிக்கொள்ளும் சார்லட்டுக்கு இருபத்தேழு. 'பெர்சுவேஷன்' நாயகி ஆன், எட்டு வருஷத்துக்கு முன்னால் தவறவிட்ட காதலைத் திரும்பப் பெறுகிறவள், அவளுக்கும் இருபத்தேழு. அந்த ராத்திரியோட கணக்கா இதுன்னு நான் சொல்ல வரலை. டாம் லெஃப்ராய் மகள் பேர் விஷயத்துலயே ஒரு தடவை மாட்டிக்கிட்டேன். ஆனா சார்லட் முடிவெடுக்கும் பக்கம் வரும்போது அதைச் சட்டென்று தாண்டிப் போக என்னால முடியலை.

1805-ல் அப்பா இறந்தார். பயந்தது அப்படியே நடந்தது. அம்மாவும் இரண்டு பெண்களும் சகோதரர்கள் கொடுத்ததை வைத்துக்கொண்டு வீடு மாறி வீடு மாறி நான்கு வருஷம் ஓட்டினார்கள். இடையில் 1803-ல் ஒரு நாவலைப் பத்து பவுண்டுக்கு விற்றிருந்தார். வாங்கியவர் விளம்பரம் செய்தார், அச்சிடவில்லை. ஆறு வருஷம் பொறுத்துப் பார்த்து, புனைபெயரில் ஒரு கோபக் கடிதம் போட்டார் ஜேன். அந்தப் புனைபெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் கோபம் என்றே வரும். பத்து பவுண்டைக் கொடுத்தால் திருப்பித் தருகிறேன் என்றார் பதிப்பாளர். அந்தப் பத்து பவுண்டு அவரிடம் இல்லை.

1809-ல்தான் விடிவு. சொத்துள்ள சொந்தக்காரர்களுக்குத் தத்துப்போய் வசதியாகிவிட்ட அண்ணன் எட்வர்ட், சாட்டன் கிராமத்தில் ஒரு வீட்டைக் கொடுத்தார். ஜன்னலோரம் சின்ன மேஜை. யாராவது வந்தால் கிறீச்சென்று சத்தம் போடும் ஒரு கதவு, அதற்கு எண்ணெய் போட வேண்டாம் என்று ஜேன் சொன்னதாகக் குடும்பத்தில் சொல்வார்கள். சத்தம் கேட்டால் தாளை மறைத்துக்கொள்ளலாமே. 1811-ல் முதல் நாவல் வந்தது. அட்டையில் பெயர் கிடையாது, ஒரு பெண்மணி எழுதியது என்று மட்டும். லாபம் 140 பவுண்டு. அடுத்து 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'ஸை 110 பவுண்டுக்கு மொத்தமாக விற்றுவிட்டார். அது சக்கைபோடு போட்டது, பணம் முழுக்கப் பதிப்பாளருக்கு. அதுக்கப்புறம் எந்த நாவலையும் அவர் அப்படி விற்கவில்லை.

எம்மாவுக்கு வருவோம். 1814 ஜனவரியில் தொடங்கி அடுத்த மார்ச்சில் முடித்தார். தன்னைத் தவிர யாருக்கும் பிடிக்காத ஒரு நாயகியை எழுதப் போவதாகச் சொல்லிவிட்டே ஆரம்பித்தார். எம்மாவுக்கு இருபது வயது, அழகு, பணம், புத்தி எல்லாம் உண்டு. வேலை மட்டும் இல்லை. அதனால் ஹேரியட் என்ற அப்பாவிப் பெண்ணுக்கு ஊர்ப் பாதிரியார் எல்டனை முடித்துவைக்கக் கிளம்புகிறாள். எல்டன் வீட்டுக்கு வருகிறார், விடுகதைக் கவிதை எழுதிக் கொடுக்கிறார், ஹேரியட்டை எம்மா வரைந்த படத்துக்குச் சட்டம் போட லண்டனுக்கே ஓடுகிறார். எல்லாம் ஹேரியட்டுக்காக என்று எம்மா கணக்குப் போடுகிறாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி வண்டியில் தனியாக மாட்டியதும் எல்டன் எம்மாவின் கையைப் பிடித்துத் தன் காதலைக் கொட்டுகிறார். டேட்டா மொத்தமும் சரி, மாடல் தப்பு.

நான் முதல் தடவை அறுபது பக்கத்துல மூடி வெச்சுட்டேன். ஒண்ணுமே நடக்கலையே, விருந்துக்குப் போறாங்க வர்றாங்க, இந்தப் பொண்ணு வேற ஓவரா சீன் போடுறான்னு. செமஸ்டர் லீவுல வேற வழியில்லாம முடிச்சப்போதான் ஏமாந்தது தெரிஞ்சுது. கதையை எம்மா சொல்லவில்லை, ஆனால் எம்மாவின் கண் வழியாகவே நமக்குக் காட்டுகிறார்கள். அவள் தப்பாகப் பார்த்ததையே நாமும் உண்மை என்று நம்பிக்கொண்டு போகிறோம். தடயங்களை எங்கேயும் ஒளித்துவைக்கவில்லை, எல்லாம் பக்கத்தில்தான் இருக்கு. துப்பறியும் நாவல்னு ஒண்ணு வழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே, கொலையே இல்லாத ஒண்ணை இவர் எழுதியிருக்கார்.

இதுல ரசமான விஷயம், வந்த விமர்சனங்களை ஜேனே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிவைத்தார். திட்டு உட்பட. அம்மாவுக்கு இது 'பிரைட்' அளவுக்கு சுவாரசியமாக இல்லை. செல்ல அண்ணன் மகள் ஃபேனிக்கு எம்மாவைக் கண்டாலே ஆகவில்லை. ஒரு பக்கத்து வீட்டு அம்மா, எழுதியவரைத் தெரியாமல் இருந்தால் படித்தே முடித்திருக்க மாட்டேன் என்றார். இன்னொருவர், சுவாரசியம் இல்லை என்று கேள்விப்பட்டதால் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்தார். எக்ஸாமுக்கு முன்னாடி நாம யூனிட்டைப் படிக்கிற மாதிரியேதான். கடற்படையில் இருந்த தம்பி சார்லஸ் மட்டும் கப்பல் பயணத்தில் மூன்று தடவை படித்தார். இதையெல்லாம் அவர் எந்த முகத்தோடு எழுதியிருப்பார்னு நினைச்சா எனக்குச் சிரிப்புதான் வருது.

நாட்டின் இளவரசருக்கு இவர் நாவல்கள் பிடித்திருந்ததால், எம்மாவை அவருக்குச் சமர்ப்பிக்கலாம் என்று அரண்மனையில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். மனைவியை நடத்திய விதத்துக்காக ஜேனுக்கு அந்த இளவரசரைச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனாலும் சமர்ப்பித்தார், வேறு வழி இல்லை. அரண்மனை நூலகர், ராஜ வம்சத்தைப் பற்றி ஒரு சரித்திரக் காதல் கதை எழுதுங்களேன் என்று யோசனை சொன்னபோது மட்டும், உயிரைக் காப்பாற்றிக்கொள்ளவேண்டி இருந்தால் தவிர அப்படி எழுத முடியாது என்கிற மாதிரி மறுத்துவிட்டார்.

1816-லேயே உடம்பு சரியில்லாமல் போனது. என்ன நோய் என்று இன்றைக்கும் டாக்டர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 1817 மே மாதம் சிகிச்சைக்காக வின்செஸ்டர் போனார். ஜூலை 18-ஆம் தேதி விடியற்காலையில் கசாண்ட்ராவின் மடியில் தலை வைத்தபடி இறந்தார். நாற்பத்தொரு வயது. வாழ்நாள் முழுக்க எழுத்தில் சம்பாதித்தது எழுநூறு பவுண்டை எட்டவில்லை. கதீட்ரலில் இருக்கும் கல்லறைக் கல்லில் நல்ல மனம், இனிய குணம், கூர்மையான அறிவு எல்லாம் இருக்கு, நாவல் எழுதினார் என்பது மட்டும் இல்லை. இப்போ இங்கிலாந்தின் பத்து பவுண்டு நோட்டில் அவர் முகம்தான். பத்து பவுண்டு, கவனிச்சீங்களா.

கசாண்ட்ரா பல வருஷம் கழித்து, தங்கையின் கடிதங்களில் பெரும்பாலானவற்றை எரித்துவிட்டார். மிச்சம் சுமார் 160. மேனிடவுன் ராத்திரியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

எதுல ஆரம்பிக்கலாம்னு கேட்டா, என் கட்சி இது. சிரிக்கணும்னா 'நார்த்தாங்கர் அபே'. பேய் நாவலாப் படிச்சுத் தள்ளின ஒரு பொண்ணு, தங்கின வீட்டு அலமாரியில ரகசியச் சுவடி கிடைச்சிடுச்சுன்னு நடுங்குவா, விடிஞ்சு பார்த்தா சலவைக்காரி கணக்கு. அப்புறம் 'பிரைட்', அப்புறம் 'பெர்சுவேஷன்'. 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்'கை எனக்கு இன்னும் முடிக்க முடியலை, முடிச்சவங்க எடிட்டோரியல் டீமுக்கு எழுதுங்க. எம்மாவைக் கடைசியா வெச்சுக்கோங்க. அதுல ஃபிராங்க் சர்ச்சில்னு ஒருத்தன் வருவான், முடி வெட்டிக்கிறதுக்குன்னு வேலை மெனக்கெட்டு லண்டன் வரைக்கும் போயிட்டு வருவான். ஊரே சிரிக்கும், எம்மாவும் லேசா முகம் சுளிப்பா, நீங்களும் அடுத்த பக்கத்துக்குப் போயிடுவீங்க. போகாதீங்க. அங்க ஒரு நிமிஷம் நின்னு, அந்த வாரம் அந்த ஊர்ல வேற என்னென்ன நடக்குதுன்னு பாருங்க.